பொதுச் சாவியும் தனிப் பொறுப்பும்

கணிப்பொறியைப் பலர் ஒரே நேரத்தில் பகிர்ந்து பயன்படுத்தத் தொடங்கிய காலத்திலேயே கடவுச்சொல்லும் பிறந்துவிட்டது எனலாம். 1961-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் அறிமுகமான சி.டி.எஸ்.எஸ். என்னும் காலப்பகிர்வு அமைப்பு, பயனர் ஒவ்வொருவருக்கும் கடவுச்சொல் வழங்கியது. 1960களின் நடுப்பகுதியில் அங்கே ஒரு விபத்து நேர்ந்தது. அமைப்பைப் பேணிய நிரலாளர் பலர் ஒரே பொதுக் கோப்பகத்தில் பணியாற்ற இசைவு தரப்பட்டிருந்தது. பதிப்புச் செயலியோ, ஒரு கோப்பகத்தில் ஒருவரே இருப்பார் என்ற எண்ணத்தில், தற்காலிகக் கோப்புக்கு எப்போதும் ஒரே பெயரைச் சூட்டி வந்தது. ஒருவர் கடவுச்சொற் பட்டியலையும் மற்றொருவர் அன்றைய அறிவிப்பையும் ஒருசேரத் திருத்த, இரண்டும் இடம் மாறின. அதன்பின் உள்நுழைந்தோர் அனைவருக்கும் அறிவிப்புக்குப் பதிலாக எல்லாருடைய கடவுச்சொற்களும் காட்சியளித்தன. பூட்டை எவரும் உடைக்கவில்லை. பகிர்வு வந்துவிட்டது, அதற்கேற்ற ஒழுங்கு பின்தங்கிவிட்டது.

பணியோட்டத் தானியக்க மென்பொருள்களில் இதே சிக்கல் இன்று வேறு உருவில் நிற்கின்றது. விண்ணப்பம் ஒன்று மின்னஞ்சலில் வந்தவுடன் அதன் விவரங்களை அட்டவணையில் பதிந்து, உரியவருக்குச் செய்தி அனுப்பும் தொடர்வேலையை இம்மென்பொருள்கள் தாமே செய்து முடிக்கின்றன. மின்னஞ்சல், அட்டவணை, செய்திச் சேவை ஆகிய ஒவ்வொன்றிலும் நுழையக் கடவுச்சொல்லோ இரகசியத் திறவியோ வேண்டும். அவற்றை நுழைவுச்சான்று எனக் குறிப்போம். நாம் உறங்கும் வேளையிலும் கதவுகளைத் திறக்க வேண்டியிருப்பதால், சாவிகள் அனைத்தும் மென்பொருளிடமே தங்கிவிடுகின்றன. அக்கொத்தில் எதை, யார், எவ்வளவு தொடலாம் என்பதே நம் ஆய்வுப்பொருள்.

2019-இல் பெர்லின் நகரில் யான் ஓபர்ஹவுசர் வெளியிட்ட என்-எயிட்-என் என்னும் மென்பொருளைச் சான்றாகக் கொள்வோம். (நோட்மேஷன் என்ற சொல்லின் ஆங்கில வடிவில் முதல், இறுதி எழுத்துகளுக்கிடையே எட்டு எழுத்துகள் உள்ளன, பெயரின் விந்தை அவ்வளவே.) இதில் நுழைவுச்சான்றின் உரிமையாளர் அதனைப் பிறரோடு பகிரலாம். பகிரப்பெற்றவர் தம் பணியோட்டத்தில் அதனை இணைத்து இயக்கலாம். ஆனால் உள்ளிருக்கும் இரகசியத்தைக் காணவோ திருத்தவோ இயலாது. சாவியைத் தராமலே கதவைத் திறக்கும் உரிமையைத் தருவது இது. கடவுச்சொல்லைத் தாளில் எழுதி மேசைக்கு மேசை அனுப்பும் வழக்கத்தோடு ஒப்பிட்டால் இதன் அருமை விளங்கும்.

எனினும் இங்கு இரண்டு நுட்பங்களை மாணவர்கள் ஊன்றி நோக்க வேண்டும். சான்றைப் பகிராமல் பணியோட்டத்தை மட்டும் ஒருவரோடு பகிர்ந்தாலும், அதில் பொருத்தப்பட்ட சான்றுகளைப் பயன்படுத்தும் உரிமை அவருக்குச் சென்றுவிடுகின்றது. கணக்குப் பிரிவின் சான்று பொதிந்த பணியோட்டத்தை விற்பனைப் பிரிவினருக்குப் பார்வைக்கென்று பகிர்பவர், தம்மையறியாமலே கணக்கறையையும் திறந்துவிடுகிறார். அடுத்தது இன்னும் நுட்பமானது. காண இயலாது என்பது கைப்பற்ற இயலாது என்றாகாது. எந்த இணைய முகவரிக்கும் வேண்டுகோள் அனுப்பவல்ல பொதுக்கணு ஒன்றில் சான்றைப் பொருத்தித் தமக்குரிய முகவரிக்கு அனுப்பினால், இரகசியம் அங்கே போய்ச் சேர வாய்ப்புண்டு. மறைத்து வைப்பதை மட்டும் நம்பலாகாது என்பது எம் துணிபு. சான்றின் ஆற்றலையே அது பிறக்கும் சேவையிடத்தில் குறைத்துப் பெறுதல் வேண்டும். படிக்க மட்டும் தேவையெனில் எழுதும் உரிமையைக் கேட்பானேன்? வேலைக்குத் தேவையான மிகக் குறைந்த உரிமையே போதும் என்னும் நெறியை சால்ட்சர், ஷ்ரோடர் என்னும் அறிஞர் இருவர் 1975-லேயே தெளிவுற வகுத்துள்ளனர்.

தனியாள் உரிமையின் இடர் வேறு. ஊழியர் ஒருவர் தம் பெயரில் இருபது பணியோட்டங்களை அமைத்துவிட்டு வேலையை விட்டு நீங்கினால், அவர் கணக்கை நீக்கும்போது அவற்றை இன்னொருவருக்கு மாற்றுவதா, அழிப்பதா என்ற வினா எழும். அவசரத்தில் அழித்துவிட்டால் சம்பளப் பட்டியலே நின்றுபோகலாம். இதற்கு மாற்றாகவே திட்டம் என்னும் அமைப்பு உள்ளது. பணியோட்டங்களும் சான்றுகளும் ஆளுக்கன்றிக் குழுவின் திட்டத்திற்கு உரியனவாகின்றன. உறுப்பினர் நிருவாகி, திருத்துநர், பார்வையாளர் எனத் தரம்பெறுகின்றனர். ஆனால் ஒரு சான்றை வேறு திட்டத்திற்கு நகர்த்தினால் முன்பிருந்த பகிர்வுகள் யாவும் அறுந்துபோகும். அதனை நம்பியிருந்த பணியோட்டங்கள் பாதிக்கப்படலாம். நகர்த்துமுன் யார் யார் பயன்படுத்துகின்றனர் எனக் கேட்டறிதல் கடமை.

ஊழியர் விலகும்போது அவர் கணக்கை நீக்குவதோடு நிறைவடைதல் கூடாது. அவர் கண்ட, அல்லது கண்டிருக்கக்கூடிய இரகசியங்களையும் மாற்றியாக வேண்டும். சான்று ஓரிடத்தில் காக்கப்பட்டிருப்பின் அங்கே ஒருமுறை மாற்றினால் அதனைப் பயன்படுத்தும் பணியோட்டங்கள் அனைத்தும் புதியதையே எடுத்துக்கொள்ளும். பணியோட்டத்தினுள்ளேயே திறவியை எழுதி வைத்திருந்தால் ஒவ்வொன்றாகத் தேடித் திரிய வேண்டியதுதான்.

இறுதியாக, சாவிகளுக்கெல்லாம் சாவி ஒன்றுண்டு. தரவுத்தளத்தில் சான்றுகள் மறையாக்கம் செய்தே வைக்கப்படுகின்றன. அதற்குரிய திறவியை நாமே தராவிடில் மென்பொருள் முதல் இயக்கத்தின்போது ஒன்றை ஆக்கித் தன் கோப்புறையில் வைத்துக்கொள்ளும். புதிய கணிப்பொறிக்கு மாறும்போது தரவுத்தளத்தை மட்டும் நகலெடுத்து இத்திறவியை மறந்தவர்க்குச் சான்றுகளின் பெயர்கள் எஞ்சும், உள்ளீடு திறவாது. ஆகவே அத்திறவியின் படி ஒன்றைத் தரவுத்தள நகல் இருக்கும் இடத்திலன்றி வேறோரிடத்தில், பொறுப்புள்ள இருவர் அறிய வைத்தல் வேண்டும்.