சீனாவும் இலங்கையும்: இறப்பர் - அரிசி உடன்படிக்கை முதல் அம்பாந்தோட்டை வரை

மாணவர்களே, இலங்கையின் வெளிநாட்டுத் தொடர்புகள் பற்றிய வினாக்களில் சீனா அடிக்கடி இடம்பெறும். திகதியையும் தொகையையும் பலர் சரியாக எழுதுகின்றனர். காரணத்தை எழுதும்போதுதான் பிழை ஏற்படுகின்றது. ஆகவே இங்கு காரணங்களையே கூடுதலாக நோக்குவோம்.

இறப்பர் - அரிசி உடன்படிக்கை (1952)

இரு நாடுகளும் ஒரே கொள்கையைக் கொண்டிருந்தமையால் இவ்வுடன்படிக்கை ஏற்பட்டது என எழுத வேண்டாம். அப்போது இலங்கையை ஆட்சி செய்தது கம்யூனிசத்தை எதிர்த்த ஐக்கிய தேசியக் கட்சி. பிரதமர் டட்லி சேனாநாயக்க. மக்கள் சீனக் குடியரசை இலங்கை 1950 இல் அங்கீகரித்திருந்தது. எனினும் முறையான இராஜதந்திர உறவு 1957 இலேயே ஏற்பட்டது.

உண்மையான காரணம் இரு நாடுகளினதும் தேவையே. கொரிய யுத்தம் (1950-1953) காரணமாக அரிசியின் விலை உயர்ந்தது. யுத்தத் தொடக்கத்தில் ஏறிய இறப்பர் விலையோ பின்னர் வீழ்ச்சியடைந்தது. இறப்பரை விற்று அரிசி வாங்கும் எமது நாட்டுக்கு இரு பக்கமும் இடி. மறுபுறத்தில், 1951 மே மாதம் ஐக்கிய நாடுகள் சபை விதித்த ஏற்றுமதித் தடையினால் சீனாவுக்கு இறப்பர் கிடைப்பது அரிதாயிற்று. இலங்கை 1955 வரை அச்சபையில் அங்கம் வகிக்கவில்லை என்பதை இங்கு மறக்காமல் குறிப்பிடுக.

வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனாநாயக்க பீக்கிங் சென்று 1952 டிசம்பர் 18 இல் ஐந்தாண்டு உடன்படிக்கையில் கைச்சாத்திட்டார். ஆண்டுதோறும் சீனா 270,000 மெட்ரிக் தொன் அரிசியையும் இலங்கை 50,000 மெட்ரிக் தொன் இறப்பரையும் வழங்க இணங்கின. இறப்பருக்கு உலகச் சந்தையை விடக் கூடிய விலை கிடைத்தது. ஐக்கிய அமெரிக்காவின் அதிருப்தியையும் இலங்கை சம்பாதித்துக்கொண்டது. உடன்படிக்கை பலமுறை புதுப்பிக்கப்பட்டு 1982 வரை நீடித்தது.

பதுளை மாவட்ட மாணவர்களுக்கு இறப்பர் என்றதும் களுத்துறையும் கேகாலையும் நினைவுக்கு வரலாம். எமது ஊவா மாகாணத்திலேயே மொனராகலை மாவட்டத்தின் பதல்கும்புர, மெதகம பகுதிகளில் இறப்பர் விளைகின்றது. இன்னொரு விடயமும் உண்டு. அக்காலத்தில் நாட்டின் தோட்டங்களில் பால் வெட்டிய இந்திய வம்சாவளித் தொழிலாளரில் பெரும்பாலானோர் 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தினால் பிரசாவுரிமையை இழந்திருந்தனர். நாட்டுக்கு அரிசி தேடித்தந்த இறப்பரில் அவர்களது உழைப்பு இருந்தது. 1952 மே மாதத் தேர்தலில் அவர்களுக்கு வாக்கு இருக்கவில்லை. உடன்படிக்கையின் பயன்களைப் பற்றி எழுதும்போது இதற்கும் ஒரு வரி ஒதுக்குக.

அம்பாந்தோட்டைத் துறைமுகம்

"கடனைக் கட்ட முடியாததால் துறைமுகத்தைச் சீனா எடுத்துக்கொண்டது" என்பது பஸ்ஸிலும் கடைத்தெருவிலும் கேட்கும் பேச்சு. பரீட்சைத் தாளில் அதை அப்படியே எழுதலாகாது.

முதற்கட்டத்துக்கான கடனைச் சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கி வழங்கியது. 2010 இல் துறைமுகம் திறக்கப்பட்டது. எதிர்பார்த்த அளவு கப்பல்கள் வரவில்லை. 2017 இல் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சைனா மேர்ச்சன்ட்ஸ் நிறுவனத்திடம் கையளிக்கப்பட்டது. கிடைத்த 1.12 பில்லியன் டொலர் அந்தக் கடனை இரத்துச் செய்யவில்லை. அத்தொகை அந்நியச் செலாவணி ஒதுக்கைப் பலப்படுத்தவே உதவியது. கடனைச் செலுத்தும் பொறுப்பு இலங்கை அரசிடமே இருந்தது. அக்காலத்தில் எமது வெளிநாட்டுக் கடனில் மிகப்பெரிய பங்கு சர்வதேசச் சந்தையில் விற்ற பிணைமுறிகளாகும். "சீனாவுக்கு இதில் நன்மையே இல்லை" என்று மறுபக்கம் சாய்வதும் பிழை. இந்து சமுத்திரத்தின் பிரதான கப்பற் பாதைக்கு அருகில் நூறாண்டுக்கு ஓராண்டு குறைவாக ஓர் இடம் கிடைப்பது சிறிய விடயமன்று. இந்தியா கவலை கொண்டமைக்கும் அதுவே காரணம்.

இங்கு சீன அரசியலமைப்பு முறையைத் தெரிந்திருத்தல் அவசியம். கடன் கொடுத்த வங்கி, கட்டிய கம்பனி, குத்தகைக்கு எடுத்த கம்பனி ஆகிய மூன்றினதும் பின்னால் சீன அரசே உள்ளது. அவ்வரசை வழிநடத்துவது கம்யூனிஸ்ட் கட்சி. 2012 முதல் கட்சியின் பொதுச் செயலாளராகவுள்ள ஷி ஜின்பிங், 2013 இல் ஜனாதிபதியானார். ஜனாதிபதிக்கு இரு பதவிக்காலங்களே என்ற வரையறை 2018 இல் நீக்கப்பட்டது. அவர் 'ஒரு பட்டி ஒரு பாதை' திட்டத்தை அறிவித்தது 2013 இல். துறைமுக வேலை அதற்கு முன்னரே தொடங்கிவிட்டமையால், அது அத்திட்டத்தினால் உருவானது என எழுதுவதும் தவறாகும்.

பயிற்சி வினா: 1952 உடன்படிக்கையில் இலங்கையிடம் சீனாவுக்குத் தேவையான பொருள் இருந்தது. 2017 இல் சீனாவுக்குத் தேவையான எது இலங்கையிடம் இருந்தது? இரு சந்தர்ப்பங்களிலும் இலங்கையின் பேரம்பேசும் பலத்தை ஒப்பிடுக.