உங்கள் சுபாவம் என்ன? தெரிந்துகொண்டால் பூஜையும் இனிக்கும், வீடும் இனிக்கும்!

வெள்ளிக்கிழமை காலை. வாசலில் கோலமிட்டு, குத்துவிளக்கேற்றி, லலிதா சகஸ்ரநாமம் சொல்ல உட்காருகிறீர்கள். நூறு நாமங்கள் தாண்டுவதற்குள் அடுப்பில் வைத்த பால் நினைவுக்கு வருகிறது. கூடவே, நேற்று ஓரகத்தி சொன்ன ஒரு வார்த்தையும்! ‘எதிர்வீட்டு மாமி ஒரு மணி நேரம் ஆடாமல் அசையாமல் தியானம் செய்கிறார். எனக்கு மட்டும் ஏன் மனசு நிற்க மாட்டேன் என்கிறது? என் பக்தியில் குறையோ?’ என்று கண் கலங்குகிறீர்கள்.

குறை உங்கள் பக்தியில் இல்லை, சகோதரி. உங்கள் சுபாவம் எது என்று நீங்கள் இன்னும் கவனித்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். இந்தப் பாடத்தை நமக்குச் சொல்லித்தர, ஆண்டாள் அவதரித்த, பகவான் ரமணர் பிறந்த விருதுநகர் மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் ஏது?

சிவகாசி சொல்லும் உவமை

தீபாவளிக்கு நம் வீட்டுக்குப் பட்டாசு அனுப்பி வைக்கிற ஊர் சிவகாசி. பட்டாசுக்குப் பழங்காலம் தொட்டு ஆதாரமாக இருக்கும் கருமருந்தில் இருப்பவை மூன்றே சரக்குகள்தான்: வெடியுப்பு, கரி, கந்தகம். பழைய கணக்குப்படி நூறு பங்கில் 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். அளவையும் அடைக்கிற விதத்தையும் மாற்றினால், அதே மருந்து ஓரிடத்தில் சீறி வானுக்குப் போகிறது. ஓரிடத்தில் ‘டமார்’ என்று வெடிக்கிறது. திரிக்குள் இருக்கும்போதோ நிதானமாக எரிந்துகொண்டே போகிறது.

மனிதர்களும் அப்படித்தான். சத்வம், ரஜஸ், தமஸ் என்ற மூன்று குணங்களின் கலவைதான் ஒவ்வொருவரும் என்கிறார் கீதையின் 14-ம் அத்தியாயத்தில் கிருஷ்ண பரமாத்மா. சரக்கு ஒன்றுதான், கலவைதான் வேறு. எதிர்வீட்டு மாமியின் கலவை வேறு, உங்களுடையது வேறு.

கண்டுபிடிப்பது எப்படி?

அமைதி, தெளிவு, எதையும் பொறுமையாகக் கேட்கும் மனசு - இவை சத்வம் ஓங்கியிருப்பதன் அடையாளங்கள். ஓயாத வேலை, ஆசை, பரபரப்பு - இது ரஜஸ். அசதி, மறதி, ‘நாளைக்குப் பார்த்துக்கலாம்’ என்கிற எண்ணம் - இது தமஸ்.

நாக்குகூடக் காட்டிக்கொடுத்துவிடும்! ரசமும் நெய்ப்பசையும் உள்ள, உடம்புக்கு இதமான உணவை சாத்விகர்கள் விரும்புவார்கள் என்றும், அதிகப் புளிப்பு, உப்பு, காரத்தை ராஜசர்கள் விரும்புவார்கள் என்றும், ஆறிப்போனதும் பழையதும் தாமசருக்குப் பிடிக்கும் என்றும் 17-ம் அத்தியாயம் சொல்கிறது.

‘அப்படியானால் நான் சாத்விகம், என் மருமகள் ராஜசம்’ என்று உடனே முத்திரை குத்திவிடாதீர்கள். இரண்டு விஷயங்களையும் பகவான் சேர்த்தே சொல்லியிருக்கிறார். ஒன்று, இந்தக் குணங்கள் மாறி மாறி மேலோங்கும். காலையில் சாத்விகமாக இருப்பவரே மாலையில் ராஜசமாகிவிடலாம். இரண்டு, சத்வமும் ஒரு கட்டுதான்! ‘நான் எவ்வளவு நிம்மதியானவள், எத்தனை ஸ்லோகம் தெரிந்தவள்’ என்ற பெருமையால் அது நம்மைக் கட்டிப்போட்டுவிடும்.

ஒரே வீடு, இரண்டு பக்தி

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வாருங்கள். பெரியாழ்வாரின் சுபாவம் தாய்மை. மதுரையில் கருட வாகனத்தில் தரிசனம் தந்த பெருமாளைப் பார்த்ததும் அவர் வரம் கேட்கவில்லை. ‘இந்த அழகுக்குக் கண் பட்டுவிடுமே!’ என்று பதறி, உலகைக் காக்கிறவனுக்கே பல்லாண்டு பாடினார். பிள்ளை வீடு திரும்பும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் சுபாவமா உங்களுக்கு? அதுவே பக்தியாகலாம் என்பதற்கு அவரே சாட்சி.

அவர் வளர்த்த பெண் ஆண்டாளோ நேர்மாறு. ‘அரங்கனைத் தவிர வேறு யாரையும் மணக்க மாட்டேன்’ என்ற பிடிவாதம். பெருமாளுக்குக் கட்டிய மாலையைத் தானே சூடிப் பார்க்கும் உரிமை. அதைக் கண்ட தகப்பனார் அதிர்ந்துபோய் வேறு மாலை கட்டினார். பெருமாளோ அவர் கனவில் வந்து, அவள் சூடிக் கொடுத்ததே தனக்கு வேண்டும் என்றார். தகப்பனின் அச்சமும் அவனுக்கு இனித்தது. மகளின் உரிமையும் இனித்தது. ஒருவரைப் போல இன்னொருவர் ஆகும்படி அவன் கேட்கவே இல்லை.

திருச்சுழி தந்த பிள்ளை

அதே மாவட்டத்தில், திருமேனிநாதர் அருளும் திருச்சுழியில் 1879 டிசம்பர் 30 அன்று பிறந்தவர் பகவான் ரமணர். வேங்கடராமன் என்ற பெயருடன் வளர்ந்த அந்தச் சிறுவனுக்குத் தூக்கம் வந்துவிட்டால், தூக்கிப்போய் அடித்தாலும் விழிப்பு வராதாம்! பாடத்தில் பெரிய நாட்டமும் கிடையாது. 1896-ல், பதினாறு வயதில், மதுரையில் அவருக்கு மரண அனுபவமும் ஆத்ம விழிப்பும் உண்டாயின. பிறகு ஒரு நாள், பள்ளித் தண்டனையாக இலக்கணப் பாடத்தை எழுதிக்கொண்டிருந்தவர், பாதியில் நிறுத்திவிட்டுக் கண்மூடி அமர்ந்துவிட்டார். ‘இப்படி இருப்பவனுக்குப் படிப்பு எதற்கு?’ என்கிற பொருளில் அண்ணன் கடிந்துகொண்டார். ‘அவர் சொல்வது சரிதானே’ என்று தோன்ற, வீட்டைவிட்டுப் புறப்பட்டுத் திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தார்.

பின்னாளில் தம்மிடம் வந்தவர்களுக்கு ‘நான் யார் என்று விசாரி’ என்றார். அது முடியாதவர்களுக்கு ‘சரணாகதி செய்’ என்றார். ஆளுக்கேற்ற வழி! உங்கள் வீட்டிலும் படிப்பில் மந்தமாக ஒரு பிள்ளை இருக்கலாம். அவனை முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளையோடு ஒப்பிட்டுத் திட்டுவதற்கு முன், அவன் எந்தக் கலவை என்று ஒரு நிமிடம் பாருங்கள்.

வாசலில் ஒரு தகடு

‘கோபம் என் சுபாவம், என்ன செய்வது?’ என்று சொல்லித் தப்பிக்கலாமா? கூடாது. மருந்தின் குணம் தெரிந்தவர்கள்தான் அதிகக் கவனமாக இருக்க வேண்டும். பட்டாசு ஆலையில் மருந்து அறைக்குள் போகும் முன், வாசலில் உள்ள உலோகத் தகட்டைத் தொட்டு, உடம்பில் தங்கியிருக்கும் மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் போக வேண்டும். உரசக் கூடாது, ஓர் அறைக்குள் அளவுக்கு மேல் ஆள் கூடாது. இந்தக் கவனம் தவறினால் என்ன ஆகும் என்பதை அந்தப் பக்கத்துப் பெண்கள் கண்ணீரோடு அறிவார்கள். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த ஒரே விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின.

ஒரு சுடுசொல்லும் வீட்டை எரித்துவிடும். எந்த நேரத்தில், யாரோடு பேசும்போது உங்களுக்கு உரசல் வருகிறது என்று கவனியுங்கள். பசி வேளையா? வேலைக்காரப் பெண் வராத நாளா? அது தெரிந்துவிட்டால் பாதி வெற்றி. பதில் சொல்வதற்கு முன் பூஜையறை நிலையை ஒரு முறை தொட்டு, இஷ்ட தெய்வத்தின் பெயரை மூன்று தரம் சொல்லுங்கள். அதுதான் உங்கள் வீட்டுத் தகடு!

சுபாவத்துக்கேற்ற வழிபாடு

பரபரப்பான சுபாவமா? அசையாமல் உட்கார முடியவில்லையே என்று அழ வேண்டாம். கோயில் பிராகாரத்தை வலம் வாருங்கள், பூத்தொடுங்கள், அன்னதானத்துக்குக் காய் நறுக்குங்கள். மந்தமாக இருக்கிறதா? விடியலில் குளித்து, வாய்விட்டுப் பாடுங்கள். நாலு பேரோடு பஜனையில் சேருங்கள். இயல்பாகவே அமைதியானவரா? தியானம் செய்யுங்கள்; கூடவே, அந்த அமைதி பெருமையாக மாறாமல் இருக்க, வாரம் ஒரு நாள் யாருக்காவது கைவேலையாக ஓர் உதவி செய்யுங்கள்.

இந்த வாரம் முழுவதும் இரவு விளக்கை மலையேற்றும்போது, ‘இன்று எந்தக் குணம் என்னை ஆண்டது?’ என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். வருத்தப்பட வேண்டாம், பார்த்தால் போதும். தன் சுபாவம் தெரிந்தவளுக்குப் பொறாமை குறையும். பிறர் சுபாவம் புரிந்தவளுக்குச் சண்டை குறையும். அந்த வீட்டில் அம்பாள் தானே வந்து அமர்வாள்.