கொல்லையில் பசுமைக்குடில்: வாங்குவதா, கட்டுவதா?

கேள்வி: ஸ்ரீரங்கத்தில் சொந்த வீடு. கொல்லையில் கிழக்கு மேற்காக 25 அடி நீளம், 12 அடி அகலத்துக்கு இடம் இருக்கிறது. மேற்கு ஓரத்தில் ஒரு தென்னை. தக்காளி, மிளகாய், கத்தரி, வெண்டை, கீரை போடுகிறேன். மாசி வரைக்கும் குறையில்லை. பங்குனி பிறந்தால் தக்காளிப் பூ கொட்டுகிறது, கீரை கருகுகிறது, வெண்டை இலை மஞ்சளாகிறது. ஐப்பசி மழையில் கொத்தமல்லி அழுகிப்போகிறது. பெங்களூரில் இருக்கும் மகன் ஆன்லைனில் ஒரு ரெடிமேட் ‘கிரீன்ஹவுஸ்’ பார்த்து வைத்திருக்கிறான். பெட்டியில் வந்து இறங்கும், ஒரே நாளில் மாட்டிவிடலாம் என்கிறான். என் கணவரோ, “நம்ம வெல்டிங் பட்டறைக்காரரைக் கூப்பிட்டா ரெண்டே நாள்ல அடிச்சுத் தருவார்” என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: இருவருக்கும் தீர்ப்புச் சொல்லுமுன், உங்கள் கொல்லைக்கு எந்தக் குடில் ஒத்துவரும் என்று பார்த்துவிடுவோம். அது தெரிந்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஆன்லைனில் ‘கிரீன்ஹவுஸ்’ என்ற பெயரில் வருபவற்றில் பெரும்பாலானவை, மெல்லிய குழாய்ச் சட்டத்தின்மேல் பிளாஸ்டிக் உறையைப் போர்த்தியவை. உறைக்குள் புகும் வெயில் மண்ணையும் செடியையும் சூடாக்கும். அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தேங்கும். குளிர் ஊர்களுக்கு இது வரம். மார்கழி, தையில் உறைபனி விழும் ஊட்டியில் இப்படி ஒரு குடில் இருந்தால் நாற்று பிழைக்கும். நீலகிரியில் கார்னேஷனும் ஓசூரில் ரோஜாவும் பாலித்தீன் குடில்களில் வளர்வதற்கு அங்குள்ள குளிர்ச்சியும் ஒரு காரணம். திருச்சியில் சித்திரை வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. அந்த வெயிலில் கண்ணாடியை ஏற்றிவிட்டு நிறுத்திய காருக்குள் உட்கார்ந்தால் எப்படி இருக்குமோ, அந்த உறைக்குள் உங்கள் செடிக்கும் அப்படித்தான். ஜிப் வைத்த ஜன்னலைத் திறந்துவைத்தாலும் போதாது.

ஆகவே உங்களுக்கு வேண்டியது நிழல்வலைக்குடில்: மேலே ஷேட் நெட், நான்கு பக்கமும் பூச்சிவலை. வெயில் வடிகட்டி வரும், காற்று புகுந்து போகும். மகன் பார்த்து வைத்திருப்பது பிளாஸ்டிக் உறை போட்டதென்றால், விலை எவ்வளவு சல்லிசாக இருந்தாலும் வேண்டாம்.

வலை எதைச் செய்யும், எதைச் செய்யாது?

பணத்தை எடுக்குமுன் இது தெரிந்திருக்க வேண்டும். வலை, இலையின்மீது நேராக விழும் வெயிலைக் குறைக்கும். மண் சூடு தணியும், ஈரம் கூடுதல் நேரம் நிற்கும். கீரை கருகுவது நிற்கும். ஆனால் காற்றின் வெப்பத்தை வலை பெரிதாகக் குறைக்காது, இரவின் புழுக்கத்தை ஒன்றும் செய்யாது. தக்காளிப் பூ கொட்டுவதற்குப் பகல் வெயில் மட்டும் காரணமில்லை. இரவிலும் சூடு இறங்காவிட்டால் மகரந்தம் கெட்டு, பூ பிஞ்சு பிடிக்காது. எனவே வலை போட்டதும் சித்திரையில் தக்காளி காய்த்துக் குலுங்கும் என்று நம்பிவிடாதீர்கள். தக்காளியின் பருவத்தை இரு முனையிலும் சில வாரங்கள் நீட்டிக்கலாம், அவ்வளவுதான். குடமிளகாய் ஆசை இருந்தால் புரட்டாசியில் நாற்றை நட்டு, மாசிக்குள் பறித்துமுடியுங்கள்.

வெண்டை மஞ்சளாவது பெரும்பாலும் வெள்ளை ஈ பரப்பும் நரம்புத் தேமல் நோய். தக்காளியில் இலைச்சுருள் வைரஸைக் கொண்டுவருவதும் அந்த ஈதான். நோய் வந்த செடியைக் காப்பாற்ற மருந்து கிடையாது, ஈயைத் தடுப்பதே வழி. பக்கங்களுக்கு 40 மெஷ் பூச்சிவலை கட்டுவது இதற்காகத்தான். ஓர் அங்குலத்துக்கு 40 கண் என்பது அதன் கணக்கு. வெள்ளை ஈயை இது பெருமளவு தடுக்கும். மிளகாயில் இலை சுருட்டும் இலைப்பேன் இன்னும் பொடியது, இந்தக் கண்ணுக்குள்ளும் நுழைந்துவிடும். அதற்கு வேப்பெண்ணெய்க் கரைசலும் கண்காணிப்பும் தொடர வேண்டும்.

மழையையும் வலை தடுக்காது. கொத்தமல்லிப் பாத்திக்கு மட்டும் அரை அங்குல பிவிசி குழாயை வில்லாக வளைத்து ஊன்றி, 200 மைக்ரான் யுவி பாலித்தீன் தாளை மேலே போடுங்கள். இரு பக்கமும் திறந்தே இருக்கட்டும். வெயில் அடித்ததும் தாளைச் சுருட்டிவிடுங்கள்.

ஏன் கட்டச் சொல்கிறேன்?

முதல் காரணம் காற்று. திருச்சிக்கு ஆடிக் காற்றைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குடிலைக் காற்று பக்கவாட்டில் தள்ளுவதைவிட, அடியில் புகுந்து மேலே தூக்குவதுதான் ஆபத்து. பெட்டியில் வரும் குடிலைப் பெரும்பாலும் சிறு முளைக்கம்பிகளால் மண்ணில் குத்தி நிறுத்தச் சொல்வார்கள். தண்ணீர் பாய்ச்சி இளகிய தோட்ட மண்ணில் அந்தக் கம்பி எத்தனை நாள் நிற்கும்?

இரண்டாவது காரணம் எடை. விற்பவர் படத்தைப் பார்க்காதீர்கள், பார்சலின் எடையைப் பாருங்கள். கீழே நான் சொல்லும் சட்டத்துக்கு ஏறத்தாழ 115 கிலோ குழாய் பிடிக்கும். ஏறக்குறைய அதே அளவுள்ள ரெடிமேட் குடிலின் பார்சல் 15 கிலோ, 20 கிலோ என்றிருந்தால், அதில் எவ்வளவு இரும்பு இருக்கும் என்று நீங்களே கணக்குப் போடலாம். விலை மாதத்துக்கு மாதம் மாறும், எடை பொய் சொல்லாது.

மூன்றாவது, பழுது. கட்டிய குடிலில் ஒரு கால் துருப்பிடித்தால் பட்டறைக்காரர் அதை மட்டும் மாற்றித் தருவார். பெட்டியில் வந்ததன் பிளாஸ்டிக் இணைப்பு ஒன்று உடைந்தால், அதே அளவில் இன்னொன்று கிடைப்பது குதிரைக்கொம்பு.

அளவை எப்படி முடிவு செய்வது?

குழாயின் நீளத்தையும் வலையின் அகலத்தையும் வைத்துத் திட்டமிட்டால் சேதாரம் அதிகம் இருக்காது. ஜி.ஐ. பைப் 6 மீட்டர் நீளத்தில் வரும், கடையில் 20 அடி என்பார்கள். ஷேட் நெட் பரவலாக 3 மீட்டர் அகலத்தில் கிடைக்கும், அது 10 அடிக்கு இரண்டு அங்குலம் குறைவு. பத்தடி அகலத்தில் சட்டம் அடித்துவிட்டால் வலை எட்டாது, ஒட்டுப்போட வேண்டியிருக்கும். ஆகவே அகலம் 9 அடி, நீளம் 20 அடி, உயரம் 8 அடி என்று வையுங்கள். வலையை இரு ஓரமும் சில அங்குலம் மடித்து இறுக்க இடம் கிடைக்கும்.

ஒரு அங்குலக் குழாயில் கணக்கு இது. நீளவாட்டில் இரண்டு முழுக் குழாய். குறுக்கே 9 அடியில் நான்கு, அதற்கு இரண்டு குழாய். கால்கள் 10 அடியில் எட்டு, அதற்கு நான்கு குழாய். ஆக மொத்தம் எட்டு. கதவுக்கும் மூலைகளில் சாய்வாகக் கொடுக்கும் தாங்கலுக்கும் முக்கால் அங்குலக் குழாய் தனி.

கடையில் குழாயின்மேல் வண்ணப் பட்டையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் லைட், நீலம் மீடியம், சிவப்பு ஹெவி. நீங்கள் நீலம் வாங்குங்கள். ஒரு அங்குல மீடியம் பைப் ஒன்று 14 கிலோவுக்குமேல் நிற்கும், லைட் என்றால் 12 கிலோதான். சந்தேகம் இருந்தால் ஒன்றைத் தராசில் போடச் சொல்லுங்கள்.

கால் ஒவ்வொன்றும் இரண்டடி மண்ணுக்குள் இறங்க வேண்டும். ஓரடிச் சதுரக் குழி, சிமென்ட் ஒரு பங்கு, மணல் இரண்டு, ஜல்லி நான்கு. காலின் அடியில் ஒரு சாண் கம்பியைக் குறுக்கே பற்றவைத்துவிட்டால் காற்று தூக்கினாலும் கால் உருவி வராது. ஒரு வாரம் தண்ணீர் ஊற்றிய பிறகே சட்டத்தை ஏற்றச் சொல்லுங்கள். “ரெண்டே நாள்ல” என்று உங்கள் கணவர் சொன்னது வெல்டிங் வேலைக்குச் சரி, கான்கிரீட்டுக்குச் சரியில்லை.

பட்டறைக்காரரிடம் கறாராகச் சொல்ல வேண்டியது இன்னொன்று உண்டு. ஜி.ஐ. குழாயில் பற்றவைத்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துவிடும், துரு அங்கிருந்துதான் தொடங்கும். பற்றவைத்த ஒவ்வொரு இடத்தையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துத்தநாகம் கலந்த பிரைமர் அடித்த பிறகுதான் கூலி. வெட்டிய குழாய் முனைகளுக்கு மூடி போடாவிட்டால் மழைநீர் உள்ளே இறங்கி உள்ளிருந்து அரிக்கும்.

காசை வலையில் மிச்சம் பிடிக்காதீர்கள்

சட்டத்தைக் கட்டுங்கள், வலையை நல்லதாகப் பார்த்து வாங்குங்கள். 35, 50, 75 என்று கடைக்காரர் சொல்லும் சதவீதம், வலை தடுக்கும் வெளிச்சத்தின் அளவு. எண் பெரிதாக இருந்தால் தரம் உயர்ந்தது என்று பலர் 75 வாங்கிவிடுகிறார்கள். அதில் தக்காளி வெளிச்சத்தைத் தேடி வெடவெடவென்று உயரும், காய்க்காது. நாற்றுக்கும் கீரைக்கும் 50 போதும், காய்ச்செடிக்கு 35.

உங்களுடையது கலப்புத் தோட்டம். அதனால் நிரந்தரமாக 35 போடுங்கள். பங்குனி முதல் வைகாசி வரை கீரைப் பாத்திக்குமேல் மட்டும் இன்னொரு 35 வலையைக் கட்டுங்கள். இரண்டு வலை சேர்ந்தால் 70 ஆகிவிடாது. முதல் வலை விட்ட 65 சதவீதத்தில் இரண்டாவது 65 சதவீதத்தை விடும், ஆக 42 சதவீத வெளிச்சம் உள்ளே வரும். கீரைக்கு அது கச்சிதம். மேற்கே நிற்கும் தென்னை மாலை வெயிலை மறைப்பதால் இதற்குமேல் நிழல் தேவைப்படாது.

பட்டை இழையும் பட்டை இழையும் பின்னிய வலையைவிட, உருண்டை இழையில் பின்னிய ‘மோனோ’ வலை உழைக்கும். யுவி பாதுகாப்புக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்று கேட்டு, அதைப் பில்லில் எழுதி வாங்குங்கள். நல்ல வலை மூன்று முதல் ஐந்து ஆண்டு நிற்கும், மட்டமானது இரண்டு கோடையில் பொடிந்துவிடும். வலைக்குக் கீழே மூன்றடிக்கு ஒரு ஜி.ஐ. கம்பி இழுத்துக் கட்டினால் தொய்வு விழாது. வலையைக் கட்டுக்கம்பியால் கண்ணோடு கண் சேர்த்துக் கட்டினால் அங்கேயே கிழியும். சட்டத்தில் அலுமினியப் புரொஃபைல் என்ற பள்ளப் பட்டியைப் பொருத்தி, அதற்குள் வலையை ஜிக்ஜாக் ஸ்பிரிங்கால் அழுத்தினால் வலை சீராக இறுகும். புயல் எச்சரிக்கை வந்தால் மளமளவென்று கழற்றியும்விடலாம். வலை போனால் வாங்கிக்கொள்ளலாம், சட்டம் சாய்ந்தால் செலவு இரட்டை.

குடில் கிழக்கு ஓரத்தில் இருக்கட்டும். தென்னை மட்டை ஒன்று விழுந்தால் போதும், வலை நெடுகக் கிழியும். காய்ந்து தொங்கும் மட்டையை உடனே இறக்கிவிடுங்கள். பக்க வலையின் அடிப்பகுதியை அரையடி மண்ணுக்குள் புதைத்தால் ஈக்கு இடைவெளி இருக்காது. எலியும் அணிலும் கடிக்கும் இடமென்றால் தரையிலிருந்து இரண்டடிக்கு வெல்ட் மெஷ் வேண்டும்.

பாகல், புடலை, பீர்க்கு இவற்றை உள்ளே கொண்டுபோகாதீர்கள். பூச்சிவலை தேனீயையும் தடுத்துவிடும், அவை இல்லாமல் கொடிகள் காய்க்காது. அவற்றுக்கு வெளியே பந்தல்தான் சரி. தக்காளி, மிளகாய், கத்தரி தன் மகரந்தத்தாலேயே காய் பிடிக்கும். காலையில் செடியை லேசாகத் தட்டிவிட்டால் இன்னும் நன்றாகப் பிடிக்கும்.

யார் வாங்கலாம்?

வாடகை வீட்டில் இருப்பவர்கள், மாடியில் நாலடிக்கு ஆறடியில் நாற்று மட்டும் வளர்ப்பவர்கள், ஏற்காடு, கொடைக்கானல் போன்ற மலை ஊர்க்காரர்கள், இவர்களுக்கு ரெடிமேட் குடில் பொருந்தும். அவர்களும் நட்டு போல்ட்டில் பூட்டும் ஜி.ஐ. சட்டமாகப் பார்த்து வாங்குவது நல்லது. மாடியில் வைத்தால் கால்களைச் சுவரோடு பிணைத்தே ஆக வேண்டும்.

நிழல்வலைக்குடிலுக்கு அரசு மானியம் உண்டே என்று சிலர் சொல்லக்கூடும். தோட்டக்கலைத் துறை வழியாக வருவது விவசாயிகளின் சாகுபடிப் பரப்புக்கானது. கொல்லைத் தோட்டத்துக்கு அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். பயிர் சார்ந்த சந்தேகங்களுக்கு உங்கள் மாவட்டத்தில் சிறுகமணியில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.

என் தீர்ப்பு உங்கள் கணவர் பக்கம். ஆனால் நல்ல வலையையும் புரொஃபைலையும் விலை விசாரித்து வாங்கும் வேலையை மகனிடம் ஒப்படையுங்கள். இவ்வளவு இரும்புக்குச் செலவழிக்கத் தயக்கமாக இருந்தால், இந்த ஒரு கோடைக்குச் சவுக்குக் கம்பை நட்டு அதன்மேல் வலையைக் கட்டிப் பாருங்கள். மண்ணுக்குள் போகும் முனையில் தார் பூசிவிட்டால் கரையான் சீக்கிரம் ஏறாது. பலன் தெரிந்தால் அடுத்த ஆவணியில், ஆடிக் காற்று ஓய்ந்து ஐப்பசி மழை தொடங்குவதற்குள், கான்கிரீட் போட்டு இரும்புச் சட்டத்தை ஏற்றுங்கள். அதே வலையை அதில் மாட்டிக்கொள்ளலாம்.