நட்பும் முன்னிலைச் சொல்லும்

பிறமொழி கற்கப் புகுவார்க்கு முதற்கண் அமையும் பாடங்களுள் 'என் நண்பன்' என்பதும் ஒன்றாம். அவன் பெயர் யாது, ஊர் யாது, வயது யாது என்று சொல்லி முடிப்பின் பாடம் முற்றிற்று என்று கருதுவார் பலர். யாமும் அங்ஙனமே கருதி, ஆங்கிலத்தோடு ஜெர்மன், வியத்நாம் ஆகிய மொழிகளிலும் அச்சிறு பாடத்தை எழுதிப் பயிலத் தொடங்கினோம். தொடங்கிய பின்னரே, நண்பனைக் குறிக்கும் பெயரைக் கற்றல் எளிது, அவனை நேர்நின்று அழைக்கும் சொல்லைக் கற்றலே அரிது என்பது புலனாயிற்று. புலனாயதை உடன்பயிலும் மாணவர்க்கு உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இம்முயற்சிக்கு எம்மைத் தூண்டியது எம் ஊரே எனலாம். அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்திற்கு வடபால், ஏலாக்குறிச்சிக்கு அணித்தாய சிற்றூரொன்றில் யாம் பிறந்தோம். ஏலாக்குறிச்சியே வீரமாமுனிவர் திருக்காவலூர் எனப் பெயரிட்டுப் பாடிய தலம். 1680-இல் இத்தாலி நாட்டிற் பிறந்த அப்பெரியார், பேச்சுத் தமிழுக்கென இலத்தீனில் ஓர் இலக்கணம் வகுத்தார். அந்நூல் 1738-இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. அச்சிட்டவர், அவரோடு கடுஞ்சமயவாதம் புரிந்த லுத்தரன் மிஷனாரே. கொள்கையில் மாறுபட்டோரும் மொழிப்பணியில் ஒருவர்க்கொருவர் உதவினர் என்பதை எண்ணுந்தோறும் உள்ளம் உவக்கின்றது. வியத்நாம் மொழியிலும் இத்தகைய தொண்டு நிகழ்ந்துளது. அலெக்சாந்தர் தெ ரோத்ஸ் என்னும் குரவர் தொகுத்த வியத்நாம் அகராதி 1651-இல் உரோமாபுரியில் வெளிவந்தது. இவ்வொப்புமையே அம்மொழியின்பால் எம்மை ஈர்த்தது.

முதலிற் பெயர்களைக் காண்போம். நட்பு, நண்பு, நண்பன் என்பன, நெருங்குதல் எனப் பொருள்படும் 'நள்' என்னும் அடியினவாம். சிநேகம் என்னும் வடசொல் எண்ணெயையும் குறிக்கும், அன்பையும் குறிக்கும். ஆங்கிலத்து 'ஃப்ரெண்ட்' என்பதும் ஜெர்மனியத்து 'ஃப்ராய்ண்ட்' என்பதும் உடன்பிறந்த சொற்கள். அன்பு செய்தல் எனும் பழவினையிலிருந்து அவை தோன்றின. தமிழர் நெருக்கத்தையும், அவர் அன்பையும் பெயரில் வைத்தனர். ஆயினும் ஜெர்மன் கற்போர் ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். பெண்பாற் றோழி 'ஃப்ராய்ண்டின்' எனப்படுவாள். அவளை ஓர் ஆடவன் 'என் ஃப்ராய்ண்டின்' என்று கூறின், கேட்போர் அவளை அவன் காதலி என்றே கொள்வர். 'என் தோழியருள் ஒருத்தி' என்னும் பொருள்படக் கூறுதலே முறை. அறிமுகமான அளவில் நிற்போரை அவர்கள் நண்பர் என எளிதிற் சொல்லார். அன்னார்க்கு வேறு பெயர் உண்டு.

வியத்நாம் மொழியிலோ இடர்ப்பாடு ஓசையிலே உளது. நண்பனைக் குறிக்கும் சொல் 'பான்' என ஒலிக்கும். குரலைத் தாழ்த்தித் தொண்டையிற் சட்டென நிறுத்தினாலன்றி அப்பொருள் தராது. குரலை மெல்ல இறக்கின் அது மேசையாம். உயர்த்தின் விற்றலாம். யாம் முதனாள் நண்பனை அழைப்பதாக எண்ணி மேசையையே பன்முறை அழைத்தோம்.

இவற்றையெல்லாம் விளையாட்டெனக் கற்று வருங்கால், தீபாவளி விடுமுறையில் நிகழ்ந்த ஒன்று எம்மை வருத்திற்று. தந்தையார் பணிமாற்றத்தாற் பெரம்பலூரிற் குடியேறிய நாள்முதல் எமக்குப் பிறந்த ஊர்ப் பழக்கம் குறைந்திருந்தது. அன்று பெரம்பலூரிலிருந்து பேருந்தில் அரியலூர் சென்று இறங்கினோம். நிலையத்தில், எட்டாம் வகுப்புவரை ஒரே பலகையில் அமர்ந்து பயின்ற தோழன் நின்றான். அவன் இப்பொழுது சிமெண்டு ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிச்செல்லும் லாரியில் வேலை செய்கின்றான். ஏரியில் நீந்துகையிலும் புளியம்பழம் உலுக்குகையிலும் 'வாடா, போடா' என்றன்றிப் பிறிதொன்று கூறியறியாத அவன், எம் கையிலிருந்த நூல்களை நோக்கி, 'எப்ப வந்தீங்க?' என்றான். ஒரே விகுதிதான். ஆனால் அஃது எம் இருவரிடையே ஒரு சுவரை எழுப்பிவிட்டது. யாம் ஏதோ விடையிறுத்தோம். பேருந்து வந்தது, ஏறிச் சென்றோம்.

இதன்பின் மும்மொழிப் பாடத்தை வேறு கண்கொண்டு நோக்கினோம். ஜெர்மன் மொழியில் 'டூ' என்பது நீ. 'ஸீ' என்பது நீங்கள். 'ஸீ' என்பதோ படர்க்கைப் பன்மையே மரியாதைப் பொருட்டு முன்னிலைக்கு வந்ததாம். 'ஸீ' என்று தொடங்கிய இருவர் நண்பராகி 'டூ' என்னும் நிலைக்கு வருதல் அந்நாட்டில் ஒரு சிறப்பு நிகழ்ச்சி. அதற்கு ஒரு மரபும் உண்டு. இளையோனோ பதவியிற் றாழ்ந்தோனோ அதனைத் தொடங்குதல் ஆகாது. மூத்தோரே, உயர்ந்தோரே, 'இனி நாம் டூ என்றழைப்போம்' என முன்வந்து வழங்குதல் வேண்டும்.

ஆங்கிலத்தில் இவ்வேறுபாடு இன்று இல்லை. அரசர்க்கும் ஆட்டிடையர்க்கும் 'யூ' ஒன்றே. முற்காலத்தில் நீ என்னும் பொருளில் 'தௌ' என்றொரு சொல் வழங்கிற்று. பதினேழாம் நூற்றாண்டில் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பாரைச் சார்ந்து எழுந்த குவேக்கர்கள், தம்மை 'நண்பர்' என்றே அழைத்துக்கொண்டு, செல்வர், அதிகாரிகள் யாவரையும் 'தௌ' என்றே விளித்தனர். இறைவன்முன் எல்லாரும் ஒப்பர் என்பது அவர் துணிபு. அதன்பொருட்டு அவர்கள் வசையும் அடியும் பெற்றனர். ஒரு முன்னிலைச் சொல்லுக்காக அடிபட்டோர் உளர் என்று அறிந்தபொழுது, அரியலூர் நிலையத்தில் எமக்கு நேர்ந்த வருத்தம் அற்பமன்று எனத் தெளிந்தோம்.

வியத்நாம் மொழி நம் வழக்கிற்கு மிக அணித்து. அங்குப் புதியவரைக் கண்டால் வயதையறிந்து, அண்ணன், அக்காள், தம்பி எனும் முறைப்பெயர்களாலே அழைப்பர். பேசுவோனும் தன்னை 'நான்' என்னாது, மூத்தோன்முன் 'தம்பி' எனும் சொல்லாலே சுட்டிக்கொள்வான். ஒத்த வயதினர்க்குப் 'பான்' என்பதே முன்னிலையும் ஆகும். இவற்றிற்கும் அப்பால், அயலாரிடம் கூறின் இழிசொல்லாகவும், உற்ற தோழரிடம் கூறின் உரிமைச் சொல்லாகவும் நிற்கும் ஓரிணை அம்மொழியில் உண்டு. அது நம் 'வாடா, போடா'வையே ஒத்ததாம். அங்கும் இங்கும், மரியாதையின் குறைவே நட்பின் நிறைவாதலைக் காண்கிறோம்.

திருவள்ளுவர் நட்பிற்கு அடுத்தடுத்து ஐந்து அதிகாரங்கள் வகுத்து, அவற்றுள் ஒன்றற்குப் பழைமை எனப் பெயரிட்டார். நெடுநாட் பழகியோர் உரிமையாற் செய்வனவற்றை உவந்தேற்றல் அதன் பொருள். அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனிற் பெயர்த்த வீரமாமுனிவர், அவ்வதிகாரங்களையும் உடன் பெயர்த்தார். 1856-இல் கிரௌல் ஜெர்மனிலும், 1886-இல் போப் ஆங்கிலத்திலும் குறளை வெளியிட்டனர். எல்லா நாட்டார்க்கும் உரிய கருத்தன்றோ இது? யோவான் சுவிசேஷம் 15-ஆம் அதிகாரத்திலும், இயேசுபெருமான் தம் சீடரை ஊழியர் என்னாது சிநேகிதர் என்கின்றார். ஆண்டும் அச்சொல்லை முதலிற் கூறுபவர் உயர்ந்தவரே. சீடர் தாமாக அதனை எடுத்துக்கொள்ளவில்லை.

ஆதலின் எம் தோழன்மீது யாம் கொண்ட குறை தவறென உணர்ந்தோம். 'நீ' என்பதை அவன் கைவிடவில்லை. கல்லூரிக்கு வந்த யாமே அவனிடமிருந்து அதனை வாங்கிக்கொண்டோம். திருப்பிக் கொடுத்தலும் எம் கடனே. கிறிஸ்துமஸ் விடுமுறையில் அவன் வீடு தேடிச் சென்று, 'பழையபடி நீ என்றே கூப்பிடு' என்றோம். அவன் நகைத்துத் தலைகுனிந்தான். பின்னர், 'சாப்பிட்டாச்சா?' என்றான்.

அன்பர்களே, அவ்வினாவைச் சற்றே நோக்குமின். அதில் நீயும் இல்லை, நீங்களும் இல்லை. இரண்டிற்கும் நடுவே ஐயுற்று நிற்போர்க்கென நம் பேச்சுத் தமிழ் ஒரு திண்ணை கட்டி வைத்திருக்கிறது. அத்திண்ணையில் இருவரும் அமர்ந்து உண்டோம். உள்ளே செல்ல இன்னும் சில நாள் ஆகலாம். நம்முள் ஒவ்வொருவர்க்கும் ஊரில் இத்தகைய தோழர் ஒருவரேனும் இருப்பர். பட்டம் பெற்று மீளுமுன் அவர்பாற் சென்று, பழைய சொல்லை நாமே முந்திக் கேட்போமாக. ஏட்டில் 'யாம்' என்று எழுதும் எம்மை, ஏரிக்கரையில் ஒருவன் 'டேய்' என்றழைக்கும் நாளை எதிர்நோக்கியிருக்கின்றோம்.