அந்தக் கொடி ஏறிய ஆண்டு

கேள்வி: அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்துவிட்டது. அடிமை முறையும் ஒழிந்தது. தோற்றுப்போன தென்மாநிலக் கூட்டமைப்பின் கொடிக்கும் சிலைகளுக்கும் எதிராக இன்னும் போராடுவானேன்? இது வரலாற்றை அழிப்பதாகாதா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: போர் முடிந்தது 1865இல்தான். ஆனால் தென் கரோலினா சட்டமன்றக் கட்டடத்தின் உச்சியில் அந்தக் கொடி ஏறியது 1961இல். போர் தொடங்கிய நூற்றாண்டு நினைவுக்காக என்றார்கள். கறுப்பின மாணவர்கள், தங்களுக்கு இடம் மறுத்த உணவகங்களில் போய் உட்கார்ந்து அடிவாங்கிக்கொண்டிருந்த நேரம் அது. பள்ளிகளில் பிள்ளைகளை நிறத்தால் பிரிக்கக் கூடாதென்று உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்தது. இரண்டே ஆண்டில் ஜார்ஜியா தன் மாநிலக் கொடியில் கூட்டமைப்புச் சின்னத்தைச் சேர்த்துக்கொண்டது. சார்லட்ஸ்வில் நகரத்தில் கூட்டமைப்புத் தளபதி லீயின் சிலை 1924இல் எழுந்தது. தென்மாநிலக் கறுப்பின மக்களின் வாக்குரிமை பறிக்கப்பட்டுக் கிடந்த காலம் அது.

ஆகவே இவை அடிமைக் காலத்தின் மிச்சங்கள் அல்ல. விடுதலை பெற்றவர்கள் தலைநிமிர முயன்றபோதெல்லாம், அவர்களை மிரட்டி உட்காரவைக்க நிறுத்தப்பட்டவை. கறுப்பர் வெள்ளையருக்குச் சமமல்லர் என்பதே புதிய அரசின் அடித்தளம் என்று கூட்டமைப்பின் துணை அதிபர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் 1861இல் மேடையிலேயே அறிவித்தார். அந்த உரை புத்தகங்களில் இருக்கிறது. அதை நீக்கும்படி போராட்டக்காரர்கள் கேட்கவில்லை. எல்லோரும் படிக்க வேண்டும் என்றுதான் சொல்கிறார்கள். வரலாற்றை மறைத்தவை சிலைகளின் பீடங்கள்தான்.

2015 ஜூன் 17 அன்று தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் இமானுவேல் தேவாலயத்தில் விவிலியம் படித்துக்கொண்டிருந்த ஒன்பது கறுப்பினத்தவரை ஒரு வெள்ளை இனவெறியன் சுட்டுக் கொன்றான். கூட்டமைப்புக் கொடியோடு அவன் எடுத்துக்கொண்ட படங்கள் பிறகு வெளிவந்தன. துக்கத்துக்காக நாட்டுக் கொடியும் மாநிலக் கொடியும் அரைக்கம்பத்துக்கு இறங்கின. 2000ஆம் ஆண்டிலேயே சட்டமன்றக் கட்டடத்தின் உச்சியிலிருந்து வளாகத்துக்கு மாற்றப்பட்டிருந்த கூட்டமைப்புக் கொடி மட்டும் முழுக்கம்பத்தில் பறந்தது. அதைத் தொட வேண்டுமானால் சட்டமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்று சட்டம் செய்து வைத்திருந்தார்கள். கொல்லப்பட்ட போதகர் கிளமென்டா பிங்க்னி அந்த மாநிலச் சட்டமன்றத்தின் செனட்டரும்கூட. அவர் உடலைக் குதிரை வண்டியில் அந்தக் கொடியைக் கடந்துதான் கொண்டுபோனார்கள். சட்டமன்றக் கட்டடத்துக்குள் அஞ்சலிக்கு வைத்தபோது, கொடி கண்ணில் படாதிருக்க சன்னலில் கறுப்புத் துணி தொங்கவிட்டார்கள். அவருக்காக வாக்களித்த மக்கள் அந்தத் துணியைப் பார்த்தபடி வரிசையில் நின்றார்கள். பழைய கதைதானே என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது?

ஜூன் 27 அதிகாலையில் பிரீ நியூசம் என்ற கறுப்பினப் பெண் கம்பத்தில் ஏறிக் கொடியைக் கழற்றினார். கீழே இறங்கியதும் கைது. ஒரு மணி நேரத்துக்குள் மீண்டும் கொடி ஏறியது. ஆனாலும் சட்டமன்றம் வாக்களித்து, ஜூலை 10 அன்று அதை நிரந்தரமாக இறக்கியது. அந்தச் சில வார மாற்றத்தின் பின்னால், 2000 முதல் அந்த மாநிலத்தைப் புறக்கணிக்கக் கோரிவந்த கறுப்பின உரிமை அமைப்பின் நெடிய உழைப்பு இருக்கிறது. ஒன்பது உயிர் போகுமுன் அந்தக் குரலைக் கேட்டிருக்கலாம்.

இறங்கியதோடு முடிந்ததா என்றால், இல்லை. கூட்டமைப்புத் தளபதி பிராக்கின் பெயர்கொண்ட வட கரோலினா ராணுவத் தளம் 2023இல் ‘ஃபோர்ட் லிபர்ட்டி’ ஆனது. 2025இல் மறுபடி ‘ஃபோர்ட் பிராக்’. இம்முறை இரண்டாம் உலகப் போரில் பங்கேற்ற வேறொரு பிராக்கின் நினைவாக என்று விளக்கம் தந்தார்கள். பெயர் திரும்பி வரும் வழியைத் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். அதனால்தான் எதிர்ப்பவர்களும் வீட்டுக்குப் போகவில்லை.