கேட்கத் தெரிந்த சங்கம்
(கூட்டுறவுப் பாடம்)

நம் சங்கங்களின் பேரவைக் கூட்டங்களில் ஒரு குறை அடிக்கடி எழுகிறது: "சட்டமன்ற உறுப்பினரிடம் மனுக் கொடுத்தோம், பயன் ஒன்றும் இல்லை." மனுவில் என்ன எழுதினீர்கள் என்று வினவினால், "நூல் வரவில்லை, உரம் கிடைக்கவில்லை, ஆவன செய்க என்று எழுதினோம்" என்பார்கள். ஆவன செய்க என்பது வேண்டுகோள். அதற்கு "ஆவன செய்யப்படும்" என்னும் ஒரு வரியே மறுமொழியாகப் போதும். வினா அத்தகையதன்று. அவையில் ஏற்கப்பட்ட வினாவுக்கு அமைச்சர் விடை கூறியாக வேண்டும். இவ்வேற்றுமையை அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிதல் நன்று.

1. உரிமை வந்த வழி

நம் நாட்டின் சட்டசபைகளில் வினாக் கேட்கும் உரிமை 1892-ஆம் ஆண்டின் இந்தியக் கவுன்சில்கள் சட்டத்தால் வந்தது. ஆனால் கூறிய விடையின்மேல் மீண்டும் கேட்க அப்போது இடமில்லை. 1909-ஆம் ஆண்டின் சட்டமே, வினாவை எழுப்பியவர் துணைக் கேள்வி கேட்கவும் வழி செய்தது. இன்று நம் அரசியலமைப்பின்படி, மத்திய அமைச்சரவை மக்களவைக்கும், மாநில அமைச்சரவை சட்டமன்றப் பேரவைக்கும் கூட்டாகப் பொறுப்புடையவை. வினா நேரம் அப்பொறுப்பை நாள்தோறும் நினைவூட்டும் மணி எனலாம்.

2. எங்கே கேட்பது?

கூட்டுறவுச் சங்கங்கள் மாநிலப் பட்டியலில் அடங்கிய பொருள். ஆதலின் சங்கத்தின் கடன், கூலி, தேர்தல் முதலியவை குறித்த வினா சட்டமன்றத்துக்கு உரியது. பல மாநிலக் கூட்டுறவுச் சங்கங்களைப் பற்றியது நாடாளுமன்றத்துக்கு உரியது. மில்கள் விற்பனை நூலில் ஒரு பங்கைச் சிட்டமாகக் கட்ட வேண்டும் என்னும் கட்டாயம் மத்திய அரசின் ஆணையில் உள்ளது. மாநிலங்களுக்கு யூரியா ஒதுக்குவதும் மத்திய அரசே. ஆனால் மாநிலத்துக்கு வந்த உரம் நம் வட்டத்துச் சங்கத்துக்கு ஏன் வரவில்லை என்பது மாநில அமைச்சர் விடையளிக்க வேண்டியது. இடம் தவறிய வினா, ஏற்கப்படாமலே நின்றுவிடும்.

3. வினாவின் வகைகள்

மக்களவையில் நட்சத்திரக் குறியிட்ட வினாவுக்கு அமைச்சர் வாய்மொழியாக விடையளிப்பார்; அதன்மேல் துணைக் கேள்விகள் எழுப்பலாம். நாள் ஒன்றுக்கு இத்தகையவை 20. குறியிடாத வினாக்கள் 230 வரை இடம்பெறும். இவற்றுக்கு எழுத்து மூலமான விடை மட்டுமே உண்டு. பொதுவாக 15 முழு நாட்களுக்கு முன் அறிவிப்புத் தர வேண்டும். சட்டமன்றத்திலும் முறை ஏறக்குறைய இதுவே; எண்ணிக்கையும் நாள் கணக்கும் அவ்வவையின் விதிப்படி அமையும்.

துணைக் கேள்வியின் அருமையை 2020 செப்டம்பரில் நாடு கண்டது. நோய்த்தொற்றுக் காலத்தில் கூடிய அந்த நாடாளுமன்றத் தொடரில் வினா நேரம் இல்லை. எழுத்து விடைகள் வந்தன, ஆயின் "அவ்வாறாயின் இது எப்படி?" என்று எழுந்து கேட்பதற்கு வழி இல்லாமற் போயிற்று.

4. விடை எங்கிருந்து வருகிறது?

இப்பகுதியே பாடத்தின் உயிர்நிலை. அமைச்சர் தாமே நம் ஊருக்கு வந்து பார்த்து விடை எழுதுவதில்லை. வினா துறைக்குச் செல்கிறது. துறைத் தலைவரிடமிருந்து மாவட்ட அலுவலருக்கும், அவரிடமிருந்து ஆய்வாளருக்கும் வருகிறது. ஆய்வாளர் சங்கத்துக்கு வந்து பதிவேட்டைப் புரட்டுகிறார். அவர் அனுப்பும் விவரம் வந்த வழியே திரும்பி ஏறி, அமைச்சரின் விடையாகிறது.

நாம் அறிந்த நெசவாளர் சங்கம் ஒன்றில் நூல் பல மாதங்கள் காலம் கடந்து வந்தது. பாவு இன்றித் தறிகள் நின்றன. கூலி இன்றி அடுப்பும் நின்றது. தொகுதி உறுப்பினர் அவையில் கேட்டார். "தாமதம் ஏதும் இல்லை" என்று விடை வந்தது. அமைச்சர் பொய் கூறிவிட்டார் என ஊரே கொதித்தது. பதிவேட்டைப் பார்த்தபோது உண்மை விளங்கிற்று. சிப்பம் சங்கத்துக்கு வந்து சேர்ந்த தேதியை எழுதாமல், பட்டியலில் கண்ட தேதியையே செயலாளர் வரவில் எழுதி வந்திருக்கிறார். வஞ்சகம் இல்லை, கணக்கு ஒத்துப்போகும் என்னும் எளிமைதான். அப்பதிவேட்டைத் தணிக்கையில் பார்த்துக் கையொப்பம் இட்டவர்களில் நாமும் ஒருவர் என்பதை இங்கே ஒளிக்க மாட்டோம். நின்ற தறிகளின் ஓசையின்மையைக் காதால் கேட்டும், ஏட்டில் அதைத் தேடாமல் விட்டோம்.

அதன்பின் சங்கத்தார் மூன்று பத்திகள் வரைந்தனர்: பட்டியல் தேதி, சிப்பம் வந்த தேதி, தறி நின்ற நாட்கள். சில மாதக் கணக்குடன் வினா மீண்டும் சென்றது. இம்முறை விடையில் தாமதம் ஒப்புக்கொள்ளப்பட்டது, காரணமும் கூறப்பட்டது. இழந்த கூலி திரும்பி வரவில்லை என்பது மெய்யே. எனினும் அடுத்த பருவத்துச் சிப்பங்கள் காலத்தில் வந்தன.

5. வினா அமைக்கும் முறை

வினாவில் வாதமும், ஊகமும், எள்ளலும் கூடா. மக்களவையில் 150 சொற்களுக்குள் அடங்கவும் வேண்டும். "நெசவாளர் பட்டினி கிடப்பதை அரசு வேடிக்கை பார்ப்பது ஏன்?" என்பது மேடைக்கு ஏற்ற பேச்சு, வினா ஆகாது. "இன்ன வட்டத்துச் சங்கங்களுக்கு இன்ன மாதம் முதல் இன்ன மாதம் வரை கோரப்பட்ட நூல் எவ்வளவு? வழங்கியது எவ்வளவு? கோரிய நாளுக்கும் வழங்கிய நாளுக்கும் இடைவெளி என்ன? அதனைக் குறைக்க எடுத்த நடவடிக்கை யாது?" என்பது வினா. இதற்கு "ஆம், இல்லை" என்று சொல்லித் தப்ப இயலாது.

6. விடை வந்தபின்

"பரிசீலிக்கப்படும்" என்று அமைச்சர் கூறினால் அத்துடன் மறந்துவிடலாகாது. அவையில் அளித்த வாக்குகள் நிறைவேறினவா எனப் பார்க்கவே உறுதிமொழிக் குழு இருக்கிறது. மக்களவையில் இது 1953-இல் அமைந்தது. அங்கே மூன்று மாதத்துக்குள் வாக்கை நிறைவேற்ற வேண்டும் என்பது முறை. ஆதலின் விடையின் படியைப் பெற்றுத் தீர்மானப் புத்தகத்தில் தேதியுடன் ஒட்டி வைத்து, தவணை கடந்தால் உறுப்பினருக்கு நினைவூட்டுவது நிர்வாகக் குழுவின் கடமை.

உறுப்பினர் நம் நாவாக இருக்கிறார். நாவுக்குச் சொல் தருவது நம் பதிவேடு. அதில் இன்று நாம் எழுதும் தேதி, நாளை அவையில் நமக்காகவோ நமக்கு எதிராகவோ பேசும்.

படிப்பு வட்டத்தில் ஆராய:

1. நம் சங்கத்தின் இருப்புப் பதிவேட்டில் சரக்கு வந்து சேர்ந்த தேதி தனியே எழுதப்படுகிறதா?

2. இவ்வாண்டின் முதன்மையான குறை ஒன்றை எடுத்து, நான்கு உட்பிரிவுள்ள வினாவாக எழுதுக.

3. அவ்வினா சட்டமன்றத்துக்கு உரியதா, நாடாளுமன்றத்துக்கு உரியதா? காரணம் கூறுக.