வீணைக்கும் கிதாருக்கும் பிக்கப் ஆர்டர்: சில நம்பிக்கைகளும் உண்மைகளும்

தஞ்சாவூர் வீணைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பலா மரத்தில் குடமும் தண்டியும் யாளி முகமும் செதுக்கி, 24 மெட்டுகளை மெழுகில் பதித்து முடிக்கும் அந்தக் கருவிக்கு, ரகுநாத நாயக்கர் காலத்தில்தான் இந்த வடிவம் நிலைபெற்றது என்று மரபு சொல்கிறது. வாங்குபவரின் கைக்கும் காதுக்கும் ஏற்பச் சின்னச் சின்ன மாற்றங்கள் செய்து தருவது பட்டறைகளுக்குப் பழக்கமான வேலை. இப்போது அந்த மாற்றங்களோடு, தந்தியின் அதிர்வை மின் ஒலியாக்கும் பிக்கப்பும் சேர்ந்துகொண்டது. கோயில் திருவிழாக்களில் மெல்லிசைக் குழுவோடு வாசிக்கும் கிதார்காரரும், திறந்த பந்தலில் வாசிக்கும் வீணைக் கலைஞரும் ஒரே கடையில் ஒரே கேள்விகளோடு நிற்கிறார்கள். அங்கே அவர்களுக்குக் கிடைக்கும் பதில்களில் பாதி காதால் கேட்டு வந்தவை. அதனால் பணமும் போகிறது, நாதமும் போகிறது.

நம்பிக்கை: கிதார் பிக்கப்பை அப்படியே வீணைக்கு வைத்தால் போதும்.

போதாது. காரணம் தந்தியில் இருக்கிறது. கிதாரில் இருக்கும் காந்த பிக்கப், ஒரு காந்தமும் அதைச் சுற்றிய செப்புக் கம்பிச் சுருளும்தான். இரும்புத் தன்மையுள்ள தந்தி மேலே அதிரும்போது காந்தப் புலம் கலைகிறது, சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. எலக்ட்ரிக் கிதாரின் ஆறு தந்திகளும் எஃகு அல்லது எஃகு நடுக்கம்பி கொண்டவை, ஆகவே அங்கே சிக்கல் இல்லை. வீணையில் சாரணியும் பஞ்சமமும் எஃகு, மந்தரமும் அனுமந்தரமும் வழக்கமாகப் பித்தளை. பித்தளையைக் காந்தம் கண்டுகொள்ளாது. பிக்கப் எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும் மந்தரம் மேடையில் ஏறக்குறைய ஊமையாகிவிடும். அந்தப் பக்கத்துக் காந்த முனையை உயர்த்திப் பார்ப்பவர்கள் உண்டு. வெறும் பித்தளைத் தந்திக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. எஃகு நடுக்கம்பியின் மேல் சுற்றிய தந்திக்கு மாற வேண்டும். அப்படி மாறினால் விரலுக்குக் கிடைக்கும் தொடுகையும் இழுப்பும் வேறாகும். அதை ஒப்புக்கொள்ள மனம் இல்லாதவர் காந்த பிக்கப்பை விட்டுவிட்டு, பலகையில் ஒட்டும் காண்டாக்ட் பிக்கப்பைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

இடைவெளியும் அப்படித்தான். ஆறு முனைகள் கொண்ட கிதார் பிக்கப்பில் முதல் முனைக்கும் ஆறாவது முனைக்கும் இடையே ஏறத்தாழ 50 மில்லிமீட்டர். ஃபெண்டர் வகை குதிரைக்கு ஏற்ற அகல அளவு சுமார் 53. மூன்று மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஓரத் தந்தி முனையை விட்டு நழுவும்போதுதான் அதன் கனம் தெரியும். வீணையில் நான்கு வாசிக்கும் தந்திகள், அவற்றின் இடைவெளியோ முற்றிலும் வேறு. அதோடு நாம் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் பிடிக்கிறோம். தனித்தனி முனைகள் இருந்தால் இழுக்கும்போது தந்தி முனையிலிருந்து விலகிச் சத்தம் தேயும். குதிரைக்கு அருகில் வைத்தால் விலகல் குறையும், ஏனென்றால் அங்கே தந்தி அவ்வளவு நகர்வதில்லை. இன்னும் நல்ல வழி, தனி முனைகளுக்குப் பதிலாக நீண்ட ஒரே தகடு கொண்ட பிக்கப்பைக் கேட்டு வாங்குவது. வீணைக்காக நான் பரிந்துரைக்கும் முதல் மாற்றம் இதுதான்.

நம்பிக்கை: மீட்டரில் எண் கூடினால் பிக்கப் சக்தி வாய்ந்தது. எண் மாறியிருந்தால் கம்பெனி ஏமாற்றிவிட்டது.

இரண்டுமே தவறு. மின்தடை என்பது கம்பியின் நீளத்தையும் தடிமனையும் சொல்லும் எண், ஒலியின் அளவை அல்ல. சற்று மெல்லிய கம்பியால் சுற்றினால், சுற்றுகள் கூடாமலே எண் கூடிவிடும். சுற்றுகளை உண்மையிலேயே கூட்டினால் சத்தம் கூடும். ஆனால் அதோடு மேல் ஒலிகள் மங்கி, குரல் தடித்துப்போகும். மீட்டின் கூர்மையே உயிரான வீணைக்கு அது இழப்பு. ராக் இசை வாசிக்கும் கிதாருக்கு அதுவே வேண்டிய குணமாகவும் இருக்கலாம். ஆகவே 'அதிகச் சுற்று போட்டுக் கொடுங்கள்' என்று ஆர்டர் எழுதுவதற்கு முன் எதற்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எண் மாறுவதற்கு நம் ஊர் வெயிலும் ஒரு காரணம். செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் ஏறத்தாழ 0.39 சதவீதம் கூடும். 20 டிகிரியில் 8.0 கிலோ ஓம் காட்டிய சுருள், தஞ்சாவூர்ச் சித்திரை வெயிலில் 38 டிகிரியில் சுமார் 8.56 காட்டும். பிக்கப் மாறவில்லை, கம்பி சூடாகியிருக்கிறது. இந்த வித்தியாசத்தைக் காட்டிப் பிக்கப்பைத் திருப்பி அனுப்புவது வீண்.

நம்பிக்கை: பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் கொடுத்தால் பிக்கப்பும் கட்டித் தருவார்.

டெல்டாவில் காயில் கட்டத் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை, அந்தக் கைகளின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் வேலை வேறு. பிக்கப் கம்பியின் தடிமன் ஏறத்தாழ 0.063 மில்லிமீட்டர், தலைமுடி அளவு. ஒரு சுருள் உள்ள பிக்கப்பில் சுமார் 8,000 சுற்றுகள் வரை, இரட்டைச் சுருள் பிக்கப்பின் ஒவ்வொரு சுருளிலும் சுமார் 5,000. இழுவை கொஞ்சம் கூடினால் கம்பி அறுகிறது, குறைந்தால் சுருள் தளர்ந்து மைக் போலக் கத்தத் தொடங்குகிறது. சுற்றுக்கணக்குப் பெட்டியும் இழுவைக் கட்டுப்பாடும் உள்ளவர் கட்டினால் சிறப்பாகவே வரும். இல்லாதவரிடம் கொடுக்க வேண்டாம்.

மெழுகு பற்றியும் ஒரு பேச்சு உண்டு: பிக்கப்பை மெழுகில் முக்கினால் ஒலி செத்துவிடும் என்று. தளர்ந்த சுருளின் அதிர்வை அடக்கி, அலறலைத் தடுக்கவே பாரஃபினும் தேன்மெழுகும் கலந்து உருக்கி முக்குகிறார்கள். பெரிய பெட்டிகள் முன்னால் நின்று வாசிப்பவருக்கு இது கட்டாயம். வீணை மெட்டுகளும் மெழுகில்தானே நிற்கின்றன. அந்த மெழுகுக்குச் செய்யும் காவலை இதற்கும் செய்யுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் இரண்டையும் விட்டுவைக்கக் கூடாது.

நம்பிக்கை: நான்கு வயர் கேட்டால் ஒலி கெடும், இரண்டு வயரே சுத்தம்.

ஜெனரேட்டர், அலங்கார விளக்கு, டிம்மர், சோக் எல்லாம் சேர்ந்து 50 ஹெர்ட்ஸ் இரைச்சலைக் கிளப்பும் நம் மேடைகளுக்கு இரட்டைச் சுருள் பிக்கப் பெரிய துணை. கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் 1955-ல் உருவாக்கி, 1959-ல் காப்புரிமை பெற்றது அது. ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றிய இரு சுருள்கள் இரைச்சலைத் தங்களுக்குள் கழித்துவிடுகின்றன. இரண்டு வயர் வகையில் அந்த இணைப்பு உள்ளே மூடப்பட்டிருக்கும். நான்கு வயர் என்றால் நான்கு முனைகளும் வெளியே வரும். வழக்கமாக இணைத்தால் ஒலியில் வித்தியாசம் இல்லை. ஒற்றைச் சுருளாகவோ இணையாகவோ மாற்றும் வசதி மட்டும் கூடுதல். பிறகு வேண்டுமென்று மூடியைத் திறந்தால் அந்த முடிக்கம்பி அறுந்து பிக்கப்பே வீணாகலாம். ஆர்டரிலேயே கேட்டுவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. நிறங்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சீமோர் டங்கனில் சிக்னல் வயர் கறுப்பு, டிமார்சியோவில் சிவப்பு. ஒன்றின் வரைபடத்தை வைத்து மற்றதைப் பற்றவைத்தால் சுருள்கள் ஒன்றையொன்று எதிர்த்து ஒலி மெலிந்து மூக்கடைத்தது போலாகும். பல 'கெட்டுப்போன' பிக்கப்களின் கதை இதுதான்.

நம்பிக்கை: ஏகாந்த வீணையின் நாதம் அப்படியே பிக்கப் வழியாக வரும்.

ஒரே மரத்தில் குடைந்த ஏகாந்த வீணைக்கு ஒட்டு வீணையைவிட விலை அதிகம். மைக் வைத்து வாசித்தால் அதன் குடத்திலிருந்து எழும் காற்றதிர்வும் கேட்கும். காந்த பிக்கப்புக்குக் குடம் தெரியாது, தந்தியின் அசைவு மட்டுமே தெரியும். மரம் தந்தியின் அசைவை எவ்வளவு மாற்றுகிறதோ அவ்வளவுதான் பெட்டிக்கு வரும். மரத்தின் குரல் வேண்டுமென்றால் குதிரைக்கு அருகே பலகையில் ஒட்டும் காண்டாக்ட் பிக்கப்பும் நல்ல மைக்கும் சேர்ந்து வேண்டும். காண்டாக்ட் பிக்கப்பை மைக்செட்டில் நேரே செருகினால் கீழ் ஒலிகள் காணாமல் போய் ஒலி தகரம் போலாகும். அதற்கு ஒரு மெகாஓம் அல்லது அதற்கு மேல் உள்ளீட்டுத் தடை கொண்ட பிரீஆம்ப் நடுவில் வேண்டும். மைக்செட்காரரைக் குறை சொல்வதற்கு முன் இதைப் பாருங்கள்.

மின்சாரம் வந்தால் கர்நாடக சங்கீதம் போய்விடும் என்ற கவலையும் எனக்குப் புரிகிறது. மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் (1969–2014) இரட்டைத் தந்திகளை ஒற்றையாக்கி, எலக்ட்ரிக் மாண்டலினில் நீண்ட கமகங்களை வாசித்துக் காட்டினார். இசைக்கு எது வேண்டும் என்று தெரிந்து கருவியை மாற்றினால் இழப்பில்லை என்பதற்கு அவர் வாசிப்பே சான்று.

வீணைக்கு ஆர்டர் கொடுக்கிறீர்கள் என்றால் பட்டறையில் மேளம் கட்டுவதற்கு, அதாவது மெட்டுகளை மெழுகில் பதிப்பதற்கு முன்பே பிக்கப் பற்றிப் பேசிவிடுங்கள். குடத்தின் பலகையில் துளை போடச் சொல்லாதீர்கள், பிடிப்பான் வைத்து மாட்டச் சொல்லுங்கள். பிக்கப் கம்பெனிக்கு எழுதும்போது எந்தத் தந்தி எந்த உலோகம், பிக்கப் வைக்கும் இடத்தில் தந்திகளின் இடைவெளி எத்தனை மில்லிமீட்டர், தகடா முனையா, எத்தனை வயர், மெழுகு வேண்டுமா என்ற ஐந்தையும் எழுதி, எழுத்திலேயே பதில் வாங்குங்கள்.